சொல் பேச்சுக் கேட்காத பாக்ஸரும் அவனுடைய மாஸ்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி தருகிறவர்களும், பாக்ஸர்களும், அவர்கள் வீட்டாரும் என்னிடம் மாறி மாறிக் கேட்டவை இவை. நெடுக ‘அவன்’ என்று எழுதியிருப்பது வசதிக்காக மட்டுமே. பிடிவாதத்தில் பெண்கள் ஒரு மாற்றுக் குறைந்தவர்கள் இல்லை என்பது என் அனுபவம்.

எது சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முகத்தில் அடி விழும் என்று தெரிந்தே கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறவன் சாதுவாக இருப்பான் என்று எதிர்பார்த்தால் அது நம் தப்பு. கீழே விழுந்தவனை ரெஃபரி பத்து எண்ணுவதற்குள் எழுந்து நிற்க வைக்கிற குணமும், ‘கையை மேலே வை’ என்றால் வைக்காமல் முறைக்கிற குணமும் ஒரே செடி. ஒரு கிளையைப் பிடுங்கப் போய் வேரோடு பெயர்த்துவிடக் கூடாது.

நான் ஒருமுறை அப்படிப் பெயர்த்திருக்கிறேன். ஆரம்ப நாட்களில், எதிர்த்துப் பேசிய ஒரு பையனை இரண்டு வாரம் ஸ்பாரிங்கே (பயிற்சிச் சண்டை) கொடுக்காமல் ஸ்கிப்பிங் மட்டும் போட வைத்தேன். அவன் வழிக்கு வந்தான், எனக்கும் பெருமையாக இருந்தது. அப்புறம் போட்டியில் ஏறினான். ஒவ்வொரு முறை கை நீட்டிய பிறகும் திரும்பி என்னைப் பார்த்தான், சரியா மாஸ்டர் என்று கேட்பதுபோல. எதிராளி அந்தத் திரும்பலைக் கவனித்துவிட்டான். இரண்டாவது ரவுண்டிலேயே ஆட்டம் முடிந்தது. அன்றைக்குத் தோற்றது அந்தப் பையன் இல்லை என்று எனக்குப் புரியச் சில மாதம் ஆயிற்று.

ஆகவே, ‘எப்படி இவனை அடக்குவது’ என்று கேட்காதீர்கள். எந்த விஷயத்தில் அவன் சொல் செல்லும், எதில் உங்கள் சொல் செல்லும் என்பதை முதல் வாரத்திலேயே இருவரும் பேசி முடியுங்கள். ரிங்குக்குள் எந்தக் குத்தை எப்போது விடுவது என்பது கடைசியில் அவன் முடிவுதான், உங்களால் உள்ளே போய்க் குத்த முடியாது. யாருடன் ஸ்பாரிங், எத்தனை ரவுண்டு, காயத்தோடு ஏறலாமா, ஆட்டத்தை நிறுத்துவதா என்பதெல்லாம் உங்கள் முடிவு. நடுவில் இருப்பவை பேசித் தீர்க்க வேண்டியவை.

எல்லாப் பிடிவாதமும் ஒரே மாதிரிதானா?

இல்லை. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரிவதால்தான் மருந்து மாறிப்போகிறது.

பிடிவாதம் மாதிரி இருப்பதில் பாதி, பயம். உடம்பில் அடி வாங்கிப் பழகாதவன் ‘கிட்டப் போய் ஆடு’ என்றால் கேட்க மாட்டான். தூரத்திலிருந்து ஆடுவதுதான் தன் ஸ்டைல் என்று சண்டை பிடிப்பான். அவனிடம் ஸ்டைலைப் பற்றி வாதாடிப் பயனில்லை. மெத்தையான பெரிய கிளவுஸ் போட்டு, வேகத்தைக் குறைத்து, கிட்டத்தில் வயிற்றில் வாங்கி வாங்கிப் பழக விடுங்கள். வாதம் தானாகக் கரையும்.

இன்னொன்று பழைய மாஸ்டருக்குக் காட்டும் விசுவாசம். முதலில் கற்றுக்கொடுத்தவர் காலை இப்படி வை என்று சொல்லியிருப்பார். நீங்கள் மாற்றச் சொன்னால், அவரையே குறை சொல்வதுபோல அவனுக்குப் படும். ‘அவர் சொன்னது தப்பு’ என்ற வார்த்தையை வாயில் வைக்காதீர்கள். ‘அவர் சொன்னது சரி, அதுக்கு மேல இதையும் சேர்த்துக்கோ தம்பி’ என்றால் போதும்.

வலியை மறைப்பதற்காகப் பிடிவாதம் பிடிக்கிறவர்களும் உண்டு. திடீரென்று ஒருவன் இடது கையை நீட்ட மறுத்தால் முதலில் தோளையும் மணிக்கட்டையும் தொட்டுப் பாருங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வகை. அவன் சொல்வது சரியாக இருப்பது. இதைக் கண்டுபிடிப்பதுதான் நமக்குக் கஷ்டம்.

பேடில் (மாஸ்டர் கையில் பிடித்துக்காட்டும் மெத்தை) அழகாகச் செய்கிறான். ரிங்கில் ஏறியதும் பழையபடி கையைத் தொங்கவிடுகிறான். வேண்டுமென்றே செய்கிறானா?

பெரும்பாலும் இல்லை. பேட் திருப்பி அடிக்காது. அடி வரும்போது மூளை புதிதாகக் கற்றதைத் தேடாது, பழகியதைத்தான் எடுக்கும். இதைத் திமிர் என்று எண்ணிக் கத்துகிறவர்கள் நிறையப் பேர்.

நான் செய்வது இதுதான். ஸ்பாரிங்கை முழு ஆட்டமாக விடாமல், ஒரே ஒரு வேலையாகக் குறைத்துவிடுவேன். எதிரே நிற்பவன் ஜேப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) மட்டும் விடலாம், இவன் அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க மட்டும் வேண்டும். மூன்று ரவுண்டு, வேறு ஒன்றும் கிடையாது. அவன் கையைக் கீழே போட்டால் நான் வாயே திறக்க மாட்டேன், ஜேப் மூக்கில் வந்து சொல்லும். லேசான குத்துதான், ஆனால் என் குரலைவிட அதற்கு மரியாதை அதிகம். வீடியோ எடுத்துவைத்து, அவனையே நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்வதும் நல்லது. பிடிவாதக்காரன் மாஸ்டரோடு வாதாடுவான், தன் உருவத்தோடு வாதாட மாட்டான்.

நேராகச் சொன்னாலே முறைத்துக்கொள்கிறான். வேறு எப்படிச் சொல்வது?

முகமது அலியின் மாஸ்டர் ஏஞ்சலோ டண்டி இதில் மன்னர். அலியிடம் ‘இதைச் செய்’ என்றால் செய்ய மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அலி செய்யாத ஒன்றைச் செய்ததாகவே சொல்லிப் பாராட்டுவார். இன்றைக்கு அந்த ஜேப்பில் முட்டியை மடக்கி நன்றாக இறங்கினாயே, பிரமாதம் என்கிற மாதிரி. அடுத்த நாள் அலி அதை உண்மையிலேயே செய்துகாட்டுவார், தானே கண்டுபிடித்ததுபோல.

இதைத் தந்திரம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் தப்புத் தெரியவில்லை. பெயர் யாருக்குப் போகிறது என்பதை விட்டுக்கொடுக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த வேலை ஒத்துவரும்.

மாஸ்டர் சொன்னதை மீறி ஆடி ஜெயித்துவிட்டான். இப்போது என்ன செய்வது?

சந்தோஷப்படுங்கள், அப்புறம் யோசியுங்கள். 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துக்கு முன்னால் கயிற்றில் சாய்ந்து நிற்பது தற்கொலை என்றே எல்லாரும் நினைத்தார்கள். அலி அதைத்தான் செய்தார். கயிற்றை விட்டு வெளியே வா என்று டண்டி கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தார். அலி கேட்கவில்லை. ஃபோர்மன் அடித்து அடித்தே களைத்துப்போனார், எட்டாவது ரவுண்டில் விழுந்தார்.

அதே ஜோடியின் பத்து ஆண்டு முந்தைய கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1964 பிப்ரவரி 25, சன்னி லிஸ்டனுடன் ஆட்டம். அப்போது அலிக்கு 22 வயது, கேஷியஸ் கிளே என்ற பெயர். நான்காவது ரவுண்டு முடிந்து வந்து உட்கார்ந்தவருக்குக் கண் எரிகிறது, ஒன்றும் தெரியவில்லை. கிளவுஸை அறுத்து எடுங்கள், நான் போகவில்லை என்கிறார். டண்டி கண்ணைக் கழுவிவிட்டு, எழுப்பி, ரிங்குக்குள் தள்ளினார், ஓடிக்கொண்டே இரு என்று சொல்லி. பார்வை திரும்பியது. லிஸ்டன் ஏழாவது ரவுண்டுக்கு ஸ்டூலை விட்டு எழவில்லை.

ஆக, 1964-இல் மாஸ்டர் சரி, 1974-இல் பாக்ஸர் சரி. உங்கள் பையன் மீறி ஜெயித்தால் ‘எதைப் பார்த்து அப்படிச் செய்தாய்’ என்று கேளுங்கள். அலி போல ஒரு காரணம் சொன்னால், எதிராளி எந்தக் கையை விட்ட பிறகு மூச்சு வாங்கினான் என்பதுவரை சொன்னால், அடுத்த முறை அவனுக்குக் கொஞ்சம் கயிறு விடுங்கள். ‘சும்மா தோணுச்சு மாஸ்டர்’ என்றால் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கும் ஒரு கைத்தட்டல் கொடுத்துவிட்டு மறுநாள் பழைய பாடத்துக்கே வாருங்கள்.

ரவுண்டு இடைவேளையில் எவ்வளவு பேச வேண்டும்?

குறைவாக. இடைவேளை ஒரு நிமிடம்தான். அவன் வந்து உட்கார, மூச்சு இறங்க, தண்ணீர் கொடுக்க, வெட்டுக்காயம் இருந்தால் அழுத்திப் பிடிக்க என்று போனது போக, அவன் காதில் விழுகிற நேரம் அரை நிமிடம் இருந்தால் அதிகம். அதில் ஒரு விஷயம் சொல்லலாம். இரண்டு சொன்னால் இரண்டும் போச்சு. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் கேட்கவே வேண்டாம்.

பிடிவாதக்காரனிடம் சில சமயம் பேச்சே எடுபடாது. 1994 ஏப்ரல் 22 அன்று எவாண்டர் ஹோலிஃபீல்டோடு மோதிய மைக்கேல் மூரரின் மாஸ்டர் டெடி அட்லஸ். மூரர் திறமைசாலி, அன்றைக்கு ஏனோ கையே நீட்டவில்லை. ஓர் இடைவேளையில் மூரர் ரிங்கில் தன் ஆட்கள் நிற்கும் மூலைக்கு வந்தபோது, அவர் உட்கார வேண்டிய ஸ்டூலில் அட்லஸ் உட்கார்ந்திருந்தார்! இடம் மாற்றிக்கொள்ளலாமா, நான் போய் ஆடட்டுமா என்று கேட்டார். மூரர் அன்றைக்கு ஜெயித்து ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். இடது கைக்காரர் ஒருவர் அந்தப் பட்டத்தைப் பிடித்தது அதுதான் முதல் முறை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஸ்டூலில் போய் உட்காராதீர்கள். அட்லஸுக்குத் தன் ஆளைத் தெரியும். கோபம் வந்தால் எழுகிறவன் ஒருவன், சுருங்கிப்போகிறவன் இன்னொருவன்.

அதே ஆண்டு நவம்பர் 5 அன்று, மூரர் 45 வயது ஃபோர்மனோடு மோதினார். புள்ளிகளில் முன்னால்தான் இருந்தார். அந்த வலது கைக்கு நேராக நிற்காதே, நகர்ந்துகொண்டே இரு என்று அட்லஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். பத்தாவது ரவுண்டில் அந்த வலது கையே முடித்துவைத்தது. அதே மாஸ்டர், அதே பாக்ஸர், ஆறரை மாத இடைவெளி.

ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ரிங்குக்குள் டவலை எறிந்தால் வாழ்நாள் முழுக்கப் பேச மாட்டான் என்று பயமாக இருக்கிறது.

பேசாமல் இருக்கட்டும், உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

1975 அக்டோபர் 1, மணிலா. அலிக்கும் ஜோ ஃபிரேசியருக்கும் மூன்றாவது ஆட்டம், 15 ரவுண்டு. 14 முடிந்திருந்தது. ஃபிரேசியரின் வலது கண் வீங்கி மூடிவிட்டது. இடது கண்ணில் பார்வை முன்பிருந்தே சரியில்லை. அலியின் வலது கை வருவதே அவருக்குத் தெரியவில்லை. மிச்சம் மூன்றே நிமிடம். ஃபிரேசியர் எழுந்திருக்கப் பார்த்தார், நிறுத்தக் கூடாது என்று வாதாடினார். அவருடைய மாஸ்டர் எட்டி ஃபட்ச் அவரை உட்கார வைத்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினார். இன்னும் மூன்று நிமிடம் விட்டிருந்தால் என்ன என்று இன்றைக்கும் சர்ச்சை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் அந்த மூலையில் நின்று அந்தக் கண்ணைப் பார்த்தவர்கள் இல்லை.

அலிக்கே அந்த நாள் வந்தது. 1980 அக்டோபர் 2, வயது 38, எதிரே லேரி ஹோம்ஸ். பத்து ரவுண்டு முடிந்ததும் டண்டி நிறுத்தினார். அலியின் கூடவே இருந்த இன்னொருவர் இன்னும் ஒரு ரவுண்டு கேட்டு மன்றாடினார். இந்த மூலைக்குத் தலைவன் நான் என்று சொல்லி டண்டி மறுத்துவிட்டார். 1964-இல் எந்தக் கை அவரை உள்ளே தள்ளியதோ, அதே கை இப்போது பிடித்து உட்கார வைத்தது. முதல் தடவை துணிச்சல் வேண்டியிருந்தது, இரண்டாம் தடவை அதைவிட அதிகம்.

இதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. 2020 பிப்ரவரியில் டைசன் ஃப்யூரியிடம் டியான்டே வைல்டர் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது, ஏழாவது ரவுண்டில் டவலை எறிந்தவர் அவருடைய மாஸ்டர்களில் ஒருவரான மார்க் பிரெலாண்ட். வைல்டருக்கு அது பிடிக்கவே இல்லை. பிற்பாடு பிரெலாண்ட் அந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 2021 அக்டோபரில் மறுபடியும் அதே எதிராளி, மூலையில் புது மாஸ்டர். 11-ஆவது ரவுண்டில் வைல்டர் நாக் அவுட். பிரெலாண்டைப் பற்றி என்னைக் கேட்டால், வேலையைச் சரியாகச் செய்ததற்காக வேலை போனவர்.

ஒரு நடைமுறை யோசனை. டவல் பற்றிய பேச்சை ஆட்டத்துக்கு முந்தின வாரமே முடித்துவிடுங்கள், மற்ற உதவியாளர்களும் இருக்கும்போது. எது நடந்தால் நிறுத்துவேன் என்று சொல்லுங்கள்: நான் கேட்பதற்கு உளறலாகப் பதில் வந்தால், கால் கோணினால், பதிலுக்குக் கை நீட்டாமல் தொடர்ந்து தலையில் வாங்கினால். எறிவது ஒருவர் மட்டும் என்பதும் தெளிவாக இருக்கட்டும். அவன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தெரிந்திருந்தால் போதும்.

பணம் இடையில் வந்தால் உறவு மாறுமா?

மாறும். தொழில்முறைக் குத்துச்சண்டையில் மாஸ்டருக்கு வழக்கமாகக் கிடைப்பது வீரனின் ஆட்டக் கூலியில் 10 சதவீதம். அதாவது சம்பளம் கொடுக்கிற முதலாளியிடம் ‘வாயை மூடு, கையைத் தூக்கு’ என்று சொல்கிற வேலை. முதலாளி பெரிய ஆளாக ஆக, சொல்லும் தைரியம் குறைந்துகொண்டே வரும். சுற்றிலும் ஆமாம் சாமிகள் சேர்வார்கள்.

மைக் டைசனை வளர்த்த கஸ் டமாட்டோ 1985 நவம்பரில் இறந்தார். பயிற்சியாளர் மட்டுமில்லை, சட்டப்படி பாதுகாவலரும் அவர்தான். அடுத்த ஆண்டு, 20 வயதில், டைசன் உலகச் சாம்பியன். டமாட்டோவின் சீடர் கெவின் ரூனி மூலையில் இருந்தவரை ஆட்டத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. 1988-இல் ரூனியையும் வெளியே அனுப்பியாயிற்று. 1990 பிப்ரவரி 11, டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் அடி வாங்கிக் கண் வீங்கியபோது, வீக்கத்தை அமுக்கும் குளிர்ந்த இரும்புகூட அந்த மூலையில் இல்லை. ரப்பர் கையுறையில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி ஒற்றினார்கள். உலகத்திலேயே அதிகப் பணம் வாங்கிய பாக்ஸரின் மூலை அது!

அப்பாவே பயிற்சியாளராக இருக்கலாமா?

இருக்கலாம், அபூர்வமாகத்தான் சரியாக அமையும். வாசில் லோமசெங்கோவின் அப்பா அனடோலி, மகனைச் சிறுவயதில் சில ஆண்டுகள் குத்துச்சண்டையிலிருந்து எடுத்து நடன வகுப்புக்கு அனுப்பினார். கால் வேலை அங்கிருந்து வந்தது, 2008, 2012 ஒலிம்பிக்கில் தங்கம். ஆனால் சாப்பாட்டு மேசையிலும் கார்டை (முகத்தைக் காக்கக் கையை வைக்கும் விதம்) பற்றியே பேசுகிற அப்பாக்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ரிங்கை விட்டு இறங்கினால் அப்பா, ஏறினால் மாஸ்டர் என்று பிரிக்க முடியாதவர் நல்ல வேறொருவரிடம் ஒப்படைப்பதே மேல்.

ஓடாமலே ஓடினேன் என்கிறான்.

கூடவே ஓடுங்கள். வயதாகிவிட்டது என்றால் சைக்கிளில் போங்கள்.

நான் பாக்ஸர். மாஸ்டர் சொல்வது தப்பு என்று தோன்றுகிறது. எப்படிச் சொல்வது?

எல்லார் முன்னாலும் சொல்லாதே. பயிற்சி முடிந்து, கைக்கட்டு அவிழ்க்கும்போது தனியாகச் சொல். ‘இது எனக்கு வராது’ என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். ‘ரெண்டு வாரம் நீங்க சொன்ன மாதிரியே செஞ்சு பார்க்கிறேன் மாஸ்டர், அப்புறம் என் மாதிரியும் ஒரு தடவை பாருங்க’ என்று கேள். ஆனால் அந்த இரண்டு வாரமும் மனசாரச் செய்ய வேண்டும், தோற்றுக்காட்டுவதற்காகச் செய்யக் கூடாது. நல்ல மாஸ்டர் உன் பக்கத்தையும் பார்ப்பார். எத்தனை தடவை கேட்டாலும் ‘நான் சொன்னால் சொன்னதுதான்’ என்பவரிடம், பிடிவாதம் யாருக்கு என்று நீயே யோசித்துக்கொள்.

தலைவலியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அவரிடம் மறைக்காதே.

எப்போது பிரிந்துவிட வேண்டும்?

சண்டை போடுவதால் பிரிய வேண்டியதில்லை. சண்டை போடுவது நின்றுபோனால்தான் ஆபத்து. அவன் எல்லாவற்றுக்கும் ‘சரி மாஸ்டர்’ சொல்லிவிட்டுத் தன் போக்கில் போகிறான், நீங்களும் பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிடுகிறீர்கள் என்றால், அங்கே உறவு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இன்னொரு இடம், காயத்தோடு ஏறுவேன் என்று உங்கள் தலைக்கு மேல் போய் ஏற்பாடு செய்துகொள்வது. அதற்கு நான் மூலையில் நிற்க மாட்டேன். அடுத்த மாஸ்டரிடம் அவனைப் பற்றித் தெரிந்ததையெல்லாம், முக்கியமாக எப்போது எங்கே தலையில் அடி பட்டது என்பதை, எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். கோபத்தில் இதைச் செய்யாமல் விடுகிறவர்கள் உண்டு.

தோற்ற ராத்திரி அவனிடம் என்ன பேசுவது?

ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள். ‘நான் அப்போதே சொன்னேனே’ என்ற வார்த்தையை விழுங்கிவிடுங்கள், நெஞ்சில் முள்ளாக நின்றாலும் பரவாயில்லை. ஐஸ் வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். தலையில் பலமாக வாங்கியிருந்தால் அன்றைக்குத் தனியாகப் படுக்க விடாதீர்கள். வாந்தி, தலைவலி கூடுவது, பேச்சுக் குழறுவது, எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடப்பது எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. நாக் அவுட் ஆகியிருந்தால் அமெச்சூர் விதிகளில் குறைந்தது 30 நாள் ஓய்வு உண்டு. அந்த நாட்களில் ஸ்பாரிங் கேட்டு நச்சரிப்பான், கொடுக்காதீர்கள்.

ஆட்டத்தின் வீடியோவை ஒரு வாரம் கழித்து, அவனாக வந்து கேட்கும்போது போடுங்கள். ரிமோட் அவன் கையில் இருக்கட்டும். எங்கே நிறுத்துகிறான் என்று பாருங்கள். என் பையன்களில் ஒருவன், நான் பத்துத் தடவை சொல்லியும் கேட்காத அதே இடத்தில் நிறுத்திவிட்டு, ‘இங்க கை கீழ இருக்கு மாஸ்டர், நீங்க ஏன் சொல்லல?’ என்று கேட்டான். அடுத்த தடவை ஞாபகமாகச் சொல்கிறேன் என்றேன்.